குறுக்குத் தண்டில் ஒரு பெயர்

பாஞ்சோக்காரர்கள் ஒரு நல்ல பாஞ்சோவைப் பற்றிப் பேசும்போது உபயோகிக்கும் வார்த்தைகள் மிகக் கொஞ்சம். கணீர் என்பார்கள், வெதுவெதுப்பு என்பார்கள், உலர்ந்த சப்தம் என்பார்கள். பிறகு 'ப்ளங்க்' என்று ஒன்று. அது வார்த்தைகூட இல்லை. தந்தியைத் தட்டினால் கேட்பதை வாயால் செய்து காட்டுவது. நாற்பது வருஷம் வாசித்தவர்களும் இதற்கு மேல் போவதில்லை. முடியாமல் தலையை ஆட்டிவிட்டு, 'கையில் எடுத்துப் பாருங்கள்' என்று வாத்தியத்தை நீட்டுகிறார்கள். நம் இலக்கிய விமர்சனத்தின் நிலைமையை இது ஞாபகப்படுத்தினால் அதற்கு நான் பொறுப்பல்ல. ஒரு வித்தியாசம் உண்டு. அவர்கள் வாத்தியத்தை நீட்டிவிட்டு வாயை மூடிக்கொள்கிறார்கள்.

இதைப் பற்றி யோசிக்க நேர்ந்தது ஒரு கடிதத்தால். வர்ஜீனியா, நார்த் கரோலினா எல்லையில் ப்ளூ ரிட்ஜ் மலைப் பக்கத்தில் நாற்பது வருஷங்களுக்குக் குறையாமல் பாஞ்சோ செய்துகொண்டிருந்த ஒருவர் காலமாகிவிட்டார்; அவர் செய்ததை வாசிப்பவர்கள் ஆளுக்கு ஒரு பக்கம் எழுதுங்கள், சேர்த்து அச்சடித்து அவர் மனைவியிடம் கொடுக்கப் போகிறோம் என்று கேட்டிருந்தார்கள். 1990களில் அந்தப் பக்கம் ஆறு வருஷங்கள் வேலை பார்த்தவன் நான். அவர் செய்த பாஞ்சோ ஒன்று என்னிடம் இருக்கிறது. அவர் பெயரை இங்கே எழுதவில்லை. பெயர் அச்சில் வருவதை விரும்பாத மனிதர். செத்த பிறகு அந்த விருப்பத்தை மீறுவதில் எனக்கு உற்சாகமில்லை.

ஒரு பக்கம்தானே என்று உட்கார்ந்தேன். மூன்று வாரம் ஆயிற்று. 'இதுபோல் இன்னொன்று இல்லை' என்று எழுதி அடித்தேன். 'மரமும் தோலும் பேசின' என்று எழுதி, வெட்கப்பட்டு, தாளையே கிழித்தேன்.

வாத்தியம் தெரியாதவர்களுக்காகக் கொஞ்சம் சொல்ல வேண்டும். பாஞ்சோ என்பது ஒரு பக்கம் தோல் போர்த்திய சிறு மத்தளம், அதில் ஒரு கழுத்து, ஐந்து தந்திகள். மேப்பிள் மரத்தை ஆவியில் வளைத்தோ, துண்டுகளாக ஒட்டிக் கடைந்தோ வளையம் செய்வார்கள். தோலைச் சுற்றிலும் கொக்கிகளால் இழுத்து முறுக்குவது. குதிரை ஒட்டப்படுவதில்லை, தந்தியின் அழுத்தத்தில் தோல்மேல் சும்மா நிற்கிறது. எடை 2 கிராம் சுமார். அதை ஒரு நூல் நகர்த்தினால் ஸ்ருதி கெட்டுப்போகும். ஐந்தாவது தந்தி மற்ற நாலைவிடக் குட்டை. அதன் பிரடை கழுத்தின் நடுவில், ஐந்தாம் மெட்டருகே பக்கவாட்டில் துருத்திக்கொண்டிருக்கும். கட்டைவிரல் அதை மட்டும் தட்டிக்கொண்டிருக்க, மெட்டில் அமுக்கப்படாமல் ஒரே ஸ்வரமாக, எல்லாவற்றுக்கும் மேலே அது ஒலித்துக்கொண்டிருக்கும். நம் வீணையில் பக்கத்தில் ஓடும் தாளத்தந்திகளைக் கேட்டு வளர்ந்த காதுக்கு இது அந்நியமாகப் படவில்லை. முதல் தடவை கேட்டபோது எனக்குத் தெரிந்ததெல்லாம் அந்தத் தந்திதான்.

வர்ஜீனியாவில் கேலக்ஸ் என்ற சிறு ஊரில் 1935லிருந்து ஆகஸ்ட் மாதத்தில் பிடில்காரர்கள் கூடுகிறார்கள். மேடையில் நடப்பது போட்டி. சங்கீதம் நடப்பது கார்களுக்கு நடுவிலும் கூடாரங்களுக்கு அடியிலும். ஒருவர் வாசித்து முடித்ததும் பக்கத்திலிருப்பவர் அந்தப் பாஞ்சோவை வாங்கிப் பார்ப்பது அங்கே மரியாதை. வாங்கியவர் முதலில் வாசிப்பதில்லை. திருப்பிப் பின்பக்கம் பார்க்கிறார். மலைப் பக்கத்துப் பாஞ்சோக்களுக்குப் பின்பக்கம் மூடியில்லை. வளையத்துக்குள்ளே குறுக்காக ஒரு தண்டு ஓடுவது தெரியும். கழுத்தை வளையத்தோடு பிணைப்பது அந்தத் தண்டுதான். செய்தவரின் பெயரும் வரிசை எண்ணும் வருஷமும் அதில் பென்சிலிலோ சூட்டுக்கோலாலோ எழுதப்பட்டிருக்கும். கேட்பவர்களுக்கு அது தெரியாது. வாசிப்பவனின் வயிற்றைப் பார்த்தபடி இருக்கும் கையெழுத்து.

நான் ஆர்டர் கொடுக்கப் போனபோது அந்த மனிதர் என்னிடம் மூன்று விஷயங்கள் கேட்டார். யாரோடு வாசிக்கிறாய்? வீட்டுக்குள்ளா வெளியிலா? நகத்தால் தட்டுகிறாயா, சதையாலா? பிறகு சுவரில் தொங்கிய ஒன்றை எடுத்துக் கொடுத்து வாசிக்கச் சொன்னார். அரைமணி நேரம் அவர் என் வலது கையை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தார். முகத்தைப் பார்க்கவே இல்லை. பதினாலு மாதம் கழித்து வந்த வாத்தியத்தில், என் விரல் விழும் இடத்தில், விரல்பலகையின் கடைசி அங்குலங்கள் குழிவாகச் செதுக்கப்பட்டிருந்தன, நகம் மரத்தில் இடிக்காமலிருக்க. குழிவு என்பது அந்தப் பக்கத்தில் புதிதல்ல. ஆனால் இந்தக் குழிவு எங்கே ஆரம்பிக்கிறதோ அது என் கையின் அளவு. இன்னொருவர் என் பாஞ்சோவை எடுத்தால் கொஞ்சம் தடுமாறுகிறார்.

முத்து இழைக்க வேண்டும், தலைப்பகுதியில் பூவேலை வேண்டும் என்று வந்த ஒருவரை அவர் திருப்பி அனுப்பியதை ஒரு நாள் பார்த்தேன். கோபமில்லை. 'அதைச் செய்பவர்கள் இருக்கிறார்கள், விலாசம் தருகிறேன்' என்றார். இதை வைத்து அவரை எளிமையின் உபாசகர் என்று சிலர் எழுதினார்கள். அதெல்லாம் இல்லை. முத்து இழைக்கும் நேரத்தில் இன்னொரு கழுத்தைச் சீவிவிடலாம் என்பதுதான் அவர் கணக்கு. அவர் முதலில் வீடு கட்டும் தச்சர்.

அந்தப் பிராந்தியத்தில் இது ஒரு வம்சம்போல. கைல் க்ரீட் (1912-1982) வீடு கட்டினவர். பிடிலும் பாஞ்சோவும் வாசித்தவர். 1960களில் கேம்ப் க்ரீக் பாய்ஸ் என்ற குழுவோடு இசைத்தட்டில் வந்தவர். அவர் செய்த பாஞ்சோக்களை இன்று வாசிப்பவர்கள் தேடி அலைகிறார்கள். அவற்றின் விரல்பலகைமேல் அவர் ஒட்டியது கருங்காலி அல்ல, பார்மைக்கா. சமையலறை மேடையில் ஒட்டுவார்களே, அதேதான். வழவழப்பு, தேயாது, வியர்வையில் ஊறாது, விலை மலிவு. ஒரு தச்சனின் யோசனை. 'பாரம்பரியம்' பேசும் ஆசாமிகள் இதன் முன்னால் கொஞ்சம் திணறுவதை ரசித்திருக்கிறேன். பிறகு அவர்களே தங்கள் புதுப் பாஞ்சோவுக்கு பார்மைக்கா கேட்கிறார்கள், க்ரீட் போட்டார் என்பதற்காக. அவர் சௌகரியத்துக்குச் செய்தது இவர்களுக்குச் சம்பிரதாயமாகிவிட்டது. எழுத்திலும் இதுதானே நடக்கிறது.

ஃப்ராங்க் ப்ராஃபிட் கதை வேறு மாதிரி. 1913ல் பிறந்து 1965ல் இறந்தவர். நார்த் கரோலினா மலையில் புகையிலை பயிரிட்டார், தச்சு வேலை செய்தார், மெட்டில்லாத பாஞ்சோக்களைத் தன் கையால் செய்தார். அவர் அப்பாவும் செய்தவர். அந்த மலைப் பாஞ்சோவில் வளையம் இல்லை. மரப்பலகையின் நடுவே ஒரு வட்டத் துளை, அதில் சிறு தோல். கிரவுண்ட்ஹாக் என்று ஒரு பிராணி, பெரிய அணில் ஜாதி; அதன் தோலைச் சாம்பலில் ஊறவைத்து மயிரை உதிர்த்து அடிப்பார்கள். இந்தச் செய்முறையெல்லாம் ஜார்ஜியாவில் பள்ளிப் பிள்ளைகள் கிழவர்களிடம் கேட்டுக் கேட்டு எழுதிய ஃபாக்ஸ்ஃபயர் வரிசையின் மூன்றாம் புத்தகத்தில், 1975ல், படங்களோடு வந்தது. புத்தகத்தைப் பார்த்துச் செய்யக் கற்றவர்கள் பலர். பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் செய்த காரியம். நம் பல்கலைக்கழகங்களைப் பற்றி இந்த இடத்தில் ஒன்றும் சொல்லாமல் போகிறேன்.

ப்ராஃபிட் 1938ல் நாட்டுப்பாடல் சேகரிக்க வந்த ஒரு தம்பதிக்கு 'டாம் டூலி' பாட்டைப் பாடிக்காட்டினார். அவர்களிடமிருந்து அது புத்தகத்துக்குப் போய், 1958ல் கிங்ஸ்டன் ட்ரையோ என்ற மூவர் பாடி நாடு முழுக்க முதலிடத்துக்கு வந்தது. பாட்டுக்கு ஊர் தெரிந்தது, பாடியவருக்குப் பிறகுதான் கொஞ்சம் தெரிந்தது. ஆனால் அவரிடம் நேரே பாஞ்சோ வாங்கியவர்கள் விஷயம் வேறு. செய்தவரின் முகம் அவர்களுக்குத் தெரியும். பாட்டு கைமாறும்போது பெயர் உதிர்கிறது. மரத்தில் எழுதினால் கொஞ்ச நாள் இருக்கிறது.

கைவேலை என்றதும் உருகுகிறவர்களோடு எனக்குச் சம்மதமில்லை. ஏர்ல் ஸ்க்ரக்ஸ் 1945 டிசம்பரில் பில் மன்றோவின் குழுவில் சேர்ந்து மூன்று விரல்களால் வாசித்துக் காட்டியதிலிருந்து புளூகிராஸ் பாஞ்சோ என்றால் அவர் வழிதான். அவர் கையிலிருந்தது கிப்ஸன் கம்பெனியின் மாஸ்டர்டோன். மிச்சிகன் மாநிலம் கலமஸூவில் தொழிற்சாலையில் செய்தது. தோலுக்கடியில் வெண்கல வளையம், அது மட்டுமே ஒன்றரைக் கிலோவுக்குப் பக்கம். இரண்டாம் யுத்தத்துக்கு முந்திய அந்த மாடல்களுக்கு இன்று கேட்கும் விலையில் நம் ஊரில் வீடு வாங்கலாம். பாஸ்டனில் ஃபேர்பாங்க்ஸ் கம்பெனி 1901ல் கொண்டுவந்த வைட் லேடி, பிறகு அதை வாங்கிய வேகா கம்பெனி 1909ல் விட்ட ட்யூபஃபோன், இவையும் தொழிற்சாலைச் சரக்குதான். என்னுடைய தச்சரே தன் வளையங்களில் ட்யூபஃபோன் மாதிரியைத்தான் பின்பற்றினார். 'அவர்கள் சரியாகச் செய்துவிட்டார்கள், நான் ஏன் தப்பாகச் செய்ய வேண்டும்' என்றார். கையால் செய்தது என்பது ஒரு குணம் அல்ல. கையால் செய்த மட்டமான பாஞ்சோக்கள் ஏராளம். அவற்றை விற்க வருகிறவர்கள் கையைப் பற்றித்தான் அதிகம் பேசுவார்கள்.

அப்படியானால் கைக்கு என்ன இடம்? டேவிட் போலிட்ஸர் என்ற பௌதிக விஞ்ஞானி, 2004ல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டவர், பாஞ்சோ வாசிப்பவர். தன் வாத்தியத்தின் சப்தம் ஏன் இப்படி இருக்கிறது என்று கணக்குப் போட்டுக் கட்டுரைகள் எழுதியிருக்கிறார். தோல் லேசானது; தந்தியின் சக்தியைச் சீக்கிரம் வாங்கிக் காற்றுக்குக் கொடுத்துவிடுகிறது; அதனால் சப்தம் பெரிது, ஆயுள் குறைவு. குதிரை ஆடுவதால் தந்தி இழுபட்டுத் தளர்ந்து ஸ்ருதி கண்ணுக்குத் தெரியாமல் நெளிகிறது. அந்த 'ப்ளங்க்' வருவதில் இதற்குப் பங்குண்டு என்பது அவர் வாதம். வளையத்தின் ஆழத்தை மட்டும் மாற்றினால் உள்ளே அடைபட்ட காற்று என்ன செய்கிறது என்றும் அளந்து பார்த்திருக்கிறார். இவற்றைப் படித்தபோது எனக்கு ஏற்பட்டது நிம்மதி. மர்மம் குறையவில்லை, மர்மம் என்று நாம் சோம்பேறித்தனத்தால் சொல்லிக்கொண்டிருந்தது குறைந்தது. தச்சருக்கு இந்தக் கணக்கு தெரியாது. தோலைத் தட்டிக் கேட்டுவிட்டுக் கால் திருகு முறுக்குவார், மறுபடி தட்டுவார். கணக்கின் முடிவு அவர் விரல் முட்டியில் இருந்தது. முடிவை மட்டும் வைத்துக்கொண்டு நாற்பது வருஷம் வேலை செய்ய முடிந்திருக்கிறது. எனக்கு அதுதான் ஆச்சரியம்.

கடிதத்தோடு ஏற்கெனவே வந்த பக்கங்களின் நகலையும் அனுப்பியிருந்தார்கள். படித்தேன். ஒன்று இரண்டு தவிர எல்லாவற்றிலும் 'நான்'. நான் எப்படி வாங்கினேன், நான் எந்த மேடையில் வாசித்தேன், என் சிநேகிதர்கள் எப்படிப் பொறாமைப்பட்டார்கள். அவரை ஆதிமூலம் ஆக்கியிருந்தார்கள். பாஞ்சோ இவரிடமிருந்துதான் பிறந்தது என்ற தோரணை. மலை வெள்ளைக்காரர்களின் வாத்தியம், மலை வெள்ளைக்காரரின் கை, முடிந்தது விஷயம்.

இந்த இடத்தில்தான் என் பேனா நின்றுபோயிருந்தது என்று பிறகு புரிந்தது. ஏனென்றால் அந்தக் குட்டைத் தந்தி இவர்களுடையது அல்ல. செனகல், காம்பியா பக்கத்து ஜோலா மக்களின் அகோண்டிங் என்ற வாத்தியத்தைக் காம்பியாக்காரரான டேனியல் ஜாட்டா 2000 வாக்கில் பாஞ்சோ ஆராய்ச்சிக்காரர்கள் முன்னால் கொண்டுவந்து வைத்தார். சுரைக்குடுக்கை, அதன்மேல் தோல், நீண்ட காம்பு, மூன்று தந்திகள், அதில் ஒன்று குட்டை. வாசிப்பும் அப்படியே: சுட்டுவிரல் நகம் கீழ்நோக்கித் தட்டுகிறது, பின்னோடு கட்டைவிரல் குட்டைத் தந்திக்குப் போகிறது. கேலக்ஸ் கூடாரத்தில் என் பக்கத்தில் உட்கார்ந்தவர் செய்ததும் அதுதான். அடிமைகளாகக் கொண்டுபோகப்பட்டவர்கள் கரீபியனிலும் அமெரிக்காவிலும் மறுபடி செய்துகொண்டார்கள். 1687லிருந்து 1689 வரை ஜமைக்காவில் இருந்த ஹான்ஸ் ஸ்லோன் 1707ல் வெளியிட்ட புத்தகத்தில் படம் போட்டிருக்கிறார். ஜெஃபர்ஸன், தன் வர்ஜீனியாப் புத்தகத்தில், ஆப்பிரிக்காவிலிருந்து அவர்கள் கொண்டுவந்த வாத்தியம் இது என்று ஓர் அடிக்குறிப்பு. பல தலைமுறைகளுக்குப் பிறகுதான், 1840களில், பால்டிமோரில் வில்லியம் பூஷே என்ற மத்தளம் செய்பவர் தன் மத்தளத்தின் வளையத்தையும் திருகையும் இதற்குக் கொடுத்துக் கடையில் விற்கிறார். முகத்தில் கரி பூசிக்கொண்டு கறுப்பர்களைக் கேலி செய்த வெள்ளைக்கார நாடகக் கோஷ்டிகளுக்கு அப்போது பாஞ்சோ தேவைப்பட்டது. பூஷே செய்தவை ஸ்மித்ஸோனியன் மியூசியத்தில் இருக்கின்றன. சுரைக்குடுக்கைகள் உளுத்துப் போயின.

வர்ஜீனியாவில் வில்லியம்ஸ்பர்க் மியூசியத்தில் ஒரு நீர்வர்ண ஓவியம் உண்டு. பதினெட்டாம் நூற்றாண்டின் கடைசியில் தென் கரோலினாவில் வரையப்பட்டது. அடிமைகள் ஆடுகிறார்கள். ஒருவர் உட்கார்ந்து சுரைப் பாஞ்சோ வாசிக்கிறார். நாலு தந்தி, ஒன்று குட்டை, பிரடை பக்கவாட்டில், எல்லாம் துல்லியமாக. வரைந்தது யார் என்பது ரொம்ப நாள் தெரியாமலிருந்தது. 2010ல் ஓர் ஆராய்ச்சியாளர் கண்டுபிடித்துவிட்டார்: ஜான் ரோஸ், அந்த அடிமைகளின் எஜமானர். எஜமானரின் பெயரைக் கண்டுபிடிக்க ஆவணங்கள் இருந்தன. வாசிப்பவரின் பெயர், செய்தவரின் பெயர் (இரண்டும் ஒருவராகவே இருக்கலாம்) எந்தத் தண்டிலும் எழுதப்படவில்லை. அவர் செய்ததைக் கையில் வாங்கித் திருப்பிப் பார்த்த பக்கத்து ஆள் ஒருவர் நிச்சயம் இருந்திருப்பார். அந்தப் பாராட்டும் போயிற்று.

இந்தச் சுரைப் பாஞ்சோக்களை மறுபடி செய்கிறவர்கள் இருக்கிறார்கள். மிஸிஸிப்பியில் ஸ்காட் டிட்லேக் என்பவர் செய்தார். அவரிடம் கற்ற பீட் ராஸ், பூஷே கடை வைத்திருந்த அதே பால்டிமோரில், ஓவியங்களையும் மியூசியத்தில் எஞ்சியிருப்பவற்றையும் அளந்து அப்படியே செய்பவர். ரியானன் கிட்டன்ஸ் என்ற கறுப்பினப் பாடகி 1858ஆம் வருஷத்துப் பாஞ்சோ ஒன்றின் நகலைத்தான் மேடையில் வாசிக்கிறார். கறுப்பினப் பாஞ்சோக்காரர்கள் 2005ல் நார்த் கரோலினாவின் பூன் நகரத்தில் கூடிய பிறகு அவரும் சிநேகிதர்களும் சேர்ந்து ஒரு குழுவாகி, ஜோ தாம்ஸன் என்ற கிழட்டுப் பிடில்காரர் வீட்டுக்கு வாராவாரம் போய்க் கற்றுக்கொண்டார்கள். அவர் அப்போது எண்பதைத் தாண்டியவர். கொஞ்சம் தாமதித்திருந்தால் அந்தக் கையும் இல்லை.

இதையெல்லாம் ஒரு விதவைக்கான பிரசுரத்தில் எழுதுவது முறையா? அவர் யாரையும் ஏமாற்றவில்லை. 'இது ஆப்பிரிக்காவிலிருந்து வந்தது, எல்லாருக்கும் தெரியும்' என்று இழைப்புளியை நிறுத்தாமல் ஒரு நாள் என்னிடம் சொன்னவர்தான். எல்லாருக்கும் தெரியும் என்று அவர் நினைத்தார். வந்திருந்த பக்கங்களில் ஒருவருக்கும் தெரிந்திருக்கவில்லை, அல்லது அது பாராட்டுக்கு அவசியமென்று தோன்றவில்லை.

அந்தப் பக்கங்களில் ஒன்று மட்டும் எனக்கு வழி காட்டியது. எழுபது தாண்டிய ஒரு அம்மாள் எழுதியது, பத்து வரி. 'இருபத்திரண்டு வருஷமாக வைத்திருக்கிறேன். தோல் இரண்டு தடவை மாற்றினேன். கழுத்து ஒரு தடவை முன்னால் சாய்ந்தது, அவரே சீட்டுக்கட்டு அட்டையில் ஒரு துண்டு வெட்டி அண்டை கொடுத்துச் சரி செய்தார். நாலாவது தந்தி ஏழாம் மெட்டுக்கு மேலே மங்கல். கொடுக்கும்போதே அதைச் சொன்னார். வேண்டாமென்றால் இன்னொன்று செய்கிறேன், எட்டு மாதம் ஆகும் என்றார். நான் இதையே எடுத்துக்கொண்டேன். மழைநாளில் தோல் தளர்ந்தால் திருகை எவ்வளவு முறுக்க வேண்டும் என்று உள்ளே பென்சிலால் கோடு போட்டுக் கொடுத்தார். கோடு இன்னும் அழியவில்லை.' இவ்வளவுதான். ஒரு பெயரெச்சம்கூடப் புகழ்வதற்காக வரவில்லை. குறையையும் சேர்த்துச் சொல்லியிருந்தாள். அந்த மனிதரை எனக்கு அந்தப் பத்து வரியில் பார்க்க முடிந்தது. அளவுதான் பாராட்டு என்று நான் சொல்ல வரவில்லை. ஆனால் அவளுக்கு அந்த வாத்தியம் தெரியும். மற்றவர்களுக்கு அதைப் பற்றிய தங்கள் அபிப்பிராயம்தான் தெரிந்திருந்தது.

நானும் கடைசியில் அப்படியே எழுதினேன். குழிவின் அளவு, பிரடை வழுக்கியபோது அவர் சாக்குக்கட்டி தடவியது (நம் ஊரில் வீணைப் பிரடைக்குச் செய்வதுதான், சொன்னபோது சிரித்தார்), மேப்பிள் துண்டு ஒன்றைச் சீவிக்கொண்டே வந்து, முக்கால்வாசி வேலை முடிந்த கழுத்தை, எனக்குத் தெரியாத ஏதோ காரணத்துக்காக அடுப்பில் போட்டது. அதற்குக் கீழே, ஆப்பிரிக்காவைப் பற்றி இழைப்புளியோடு அவர் சொன்ன வாக்கியத்தை அவர் சொன்னபடியே போட்டேன். வேறு ஒன்றும் சேர்க்கவில்லை. தொகுத்தவர் அதை மட்டும் எடுத்துவிடலாமா என்று மரியாதையாகக் கேட்டு எழுதினார். கூடாது என்றேன். வந்திருக்கிறது.

அவர் பட்டறையில் முடிக்காத கழுத்துகள் ஒன்பது இருக்கின்றனவாம், சட்டத்தில் தொங்கியபடி. மாதிரிப் பலகைகளை எடுத்துக்கொள்ள இரண்டு பேர் கேட்டிருக்கிறார்கள். ஒருவர் அவரிடம் இரண்டு கோடைக்காலம் கூட இருந்து வேலை செய்தவர். மற்றவர் வாத்தியங்கள் சேகரிப்பவர், நல்ல விலை சொல்கிறார். அந்த அம்மாள் இன்னும் யாருக்கும் பதில் சொல்லவில்லை.